காதலும் வீட்டுப் பத்திரமும்

ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலைக் காதல் கதை என்று சொல்லித்தான் மாணவிகளுக்கு அறிமுகப்படுத்துகிறோம். நான் அதை ஒரு வீட்டின் கதையாகவே வாசித்து வருகிறேன். ஒரு தாயும் ஐந்து பெண்களும் வாழும் வீடு அது. குடும்பத் தலைவர் கண்மூடிய மறுகணம் அது அவர்களுடைய வீடாக இருக்காது. ஆண் வாரிசு இல்லாத காரணத்தால், முன்பின் பார்த்திராத ஓர் ஒன்றுவிட்ட உறவினனுக்குப் போய்விடும். ‘என்டெயில்’ என்ற அந்தச் சொத்துரிமை ஏற்பாடுதான் நாவலின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கதையைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. திருமதி பென்னட்டின் புலம்பலைக் கேட்டுச் சிரிக்கிறோம். தன் ஐந்து பெண்களும் தெருவில் நிற்பார்களே என்று பயப்படும் ஒரே ஆள் அந்த வீட்டில் அவள்தான் என்பதைக் கவனிக்காமல் சிரிக்கிறோம்.

அந்தப் பழைய கதை 2018இல் நியூயார்க்கின் புரூக்ளினில், புஷ்விக் என்ற பேட்டைக்குக் குடிபெயர்ந்தது. இபி ஸோபோய் எழுதிய ‘பிரைட்’ இளையோருக்கான காதல் நாவல். ஸோபோய் ஹெய்டி நாட்டின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸில் பிறந்து, நான்கு வயதில் அமெரிக்காவுக்கு வந்து, புஷ்விக்கில் வளர்ந்தவர். அவருடைய முதல் நாவல் ‘அமெரிக்கன் ஸ்ட்ரீட்’ 2017இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. இரண்டாவது நாவலில் அவர் ஆஸ்டினிடம் வருகிறார். ஏன் வந்தார் என்ற கேள்வியை இலக்கிய ஆர்வம் என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிட முடியாது. இருநூறு ஆண்டுகளாக உலகம் முழுவதும் பெண்பிள்ளைகளின் கையில் கொடுக்கப்பட்டுவரும் ஒரு காதல் கதையை, அந்தக் கதைக்குள் ஒருபோதும் இடம் தரப்படாத பெண்பிள்ளைகளுக்காகத் திறந்து பார்க்கும் வேலை இது. திறந்து பார்த்ததில் அவருக்கு என்ன கிடைத்தது, எதை அவர் பார்க்காமல் விட்டார் என்பதே இந்தக் கட்டுரையின் அக்கறை.

முதலில் ஆஸ்டினின் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஆஸ்டினைப்போல ஆண்களின் வருமானத்தை இவ்வளவு துல்லியமாக எழுதிய நாவலாசிரியர்கள் குறைவு. டார்சிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுண்ட். பிங்லிக்கு நான்கோ ஐந்தோ ஆயிரம். பென்னட்டின் நிலத்திலிருந்து வருவது இரண்டாயிரம். எலிசபெத்துக்கு என்று இருப்பது தாய் இறந்த பிறகு கிடைக்கப்போகும் ஆயிரம் பவுண்ட். நான்கு சதவீத வட்டியில் ஆண்டுக்கு நாற்பது பவுண்ட். கூட்டிக் கழித்துப் பார்த்தால், எலிசபெத் ஓராண்டு முழுக்க வாழ வேண்டிய பணம் டார்சியின் ஒன்றரை நாள் வருமானம். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு, அவள் டார்சியை முதல்முறை மறுக்கும் காட்சியை மீண்டும் வாசியுங்கள். அதுவரை வெறும் ரோஷமாகத் தெரிந்தது, ஒரு பெண் தன் சோற்றையும் கூரையையும் பணயம் வைத்துச் சொல்லும் ‘முடியாது’ ஆகிவிடும். அதற்கு முன் காலின்ஸை மறுத்தபோது அவள் கைவிட்டது இன்னும் நேரடியானது. பிறந்த வீட்டையே காப்பாற்றிக்கொள்ள இருந்த ஒரே சட்டப்படியான வழியை அவள் அன்று வேண்டாம் என்றாள்.

அவளுடைய தோழி ஷார்லட்டுக்கு இருபத்தேழு வயது. எலிசபெத் மறுத்த மூன்று நாட்களுக்குள் அதே காலின்ஸை ஏற்றுக்கொள்கிறாள். காதலித்து அல்ல, தனக்கென்று ஒரு வீடு வேண்டும் என்பதற்காக. எலிசபெத் இழக்கப்போகும் அந்த வீட்டுக்கு ஒருநாள் ஷார்லட்தான் எஜமானி. நம் அகப்பாடல்களில் தோழிதான் தலைவிக்காக வாதாடுவாள், வெறியாட்டை நிறுத்துவாள், திருமணத்துக்கு வழி செய்வாள். அவளுக்கென்று ஒரு வாழ்க்கை உண்டா என்று பாடல் கேட்பதில்லை. ஆஸ்டின் தோழியைப் பார்த்துக் கேட்டுவிட்டார். கிடைத்த பதில்தான் அந்த நாவலின் ஆகக் குளிர்ந்த பகுதி.

இதையெல்லாம் எழுதிய பெண்ணுக்குச் சொந்த வீடு கிடையாது. 1805இல் தந்தை இறந்ததும் ஆஸ்டினும் தாயும் அக்கா கஸாண்ட்ராவும் சகோதரர்களின் தயவில் ஊர் ஊராக இடம் மாறினார்கள். பணக்கார உறவினர்களுக்குத் தத்துப்போன சகோதரர் எட்வர்டு 1809இல் சாட்டன் கிராமத்தில் ஒரு குடிலைக் கொடுத்தார். ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ 1813இல் வெளியானபோது அவர் அங்கேதான் இருந்தார். அந்த நாவலின் உரிமையை அவர் பதிப்பாளருக்கு விற்ற தொகை 110 பவுண்ட். 150 கேட்டிருந்தார். அட்டையில் அவர் பெயர்கூட இல்லை. பெம்பர்லி மாளிகையை அவ்வளவு ஆசையோடு வர்ணித்த கை, இரவல் கூரைக்குக் கீழே இருந்து எழுதிய கை. அந்த மாளிகையைக் கதாநாயகிக்குக் கொடுத்து முடிப்பதை வெறும் இன்பமான முடிவு என்று என்னால் கடந்துபோக முடிவதில்லை. சட்டம் தராததைக் காதல் தந்ததாக எழுதிப் பார்ப்பது, சட்டத்தைப் பற்றிச் சொல்லப்பட்ட ஒரு குற்றச்சாட்டும்கூட.

இனி புஷ்விக்குக்கு வருவோம். பெனிட்டெஸ் குடும்பத்தின் தாய் ஹெய்டியைச் சேர்ந்தவள், தந்தை டொமினிகன். ஜனே, ஸூரி, மரிசோல், லேலா, கேலா என்று ஐந்து பெண்கள். கதையைச் சொல்பவள் பதினேழு வயது ஸூரி. எதிர்வரிசையில் பாழடைந்து கிடந்த வீடு பளபளப்பான மாளிகையாகப் புதுப்பிக்கப்படுகிறது. அதில் டார்சி குடும்பம் குடியேறுகிறது. அவர்களும் கறுப்பினத்தவர்களே. மூத்தவன் எயின்ஸ்லிக்கும் ஜனேவுக்கும் பிடித்துப்போகிறது. இளையவன் டேரியஸைக் கண்டாலே ஸூரிக்கு எரிகிறது.

ஆஸ்டின் தன் புகழ்பெற்ற முதல் வாக்கியத்தில் வைத்த பணக்கார மணமகனின் இடத்தில், ஸோபோய் தன் முதல் வாக்கியத்தில் ஏழைகளின் பேட்டைக்குள் நுழையும் பணக்காரர்களை வைக்கிறார். இந்த ஒரு மாற்றத்தில் நாவலின் அரசியல் முழுவதும் இருக்கிறது. வசதியுள்ளவர்கள் வந்து சேர, வாடகை ஏற, கடைகள் மாற, தலைமுறைகளாக இருந்தவர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டுவதை ஆங்கிலத்தில் ஜென்ட்ரிஃபிகேஷன் என்கிறார்கள். 1977 ஜூலையில் நியூயார்க் இருண்ட இரவில் சூறையாடலிலும் தீயிலும் மிக மோசமாக அடிபட்ட பகுதிகளில் புஷ்விக்கும் ஒன்று. நகரம் கைவிட்ட அந்தத் தெருக்களில் தங்கி, அவற்றை மீண்டும் வாழத்தக்க இடமாக ஆக்கியவர்கள் வருமானம் குறைந்த குடியேறிகளும் கறுப்பினத்தவர்களும். அது விலை போகும் இடமாக மாறியதும் அவர்களுக்கே அங்கே இடமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டுப் பத்திரத்தின் வேலையை இருபத்தோராம் நூற்றாண்டில் வீட்டுச் சந்தை செய்கிறது.

இந்த இணைப்பைக் கண்டுபிடித்ததே ஸோபோயின் பெரிய வெற்றி என்று நினைக்கிறேன். செவ்வியல் நாவல்களைப் பதின்வயதினருக்காக மறுபடி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஆடையை மாற்றுவார்கள். குதிரை வண்டிக்குப் பதில் கார், கடிதத்துக்குப் பதில் குறுஞ்செய்தி. அடியில் இருக்கும் சொத்துப் பிரச்சினையைத் தொடமாட்டார்கள். அதனால் அவற்றில் காதலர்களுக்கு இடையே வெறும் தப்பெண்ணம் மட்டுமே மிஞ்சும். அதுவும் ஒரு நல்ல உரையாடலில் தீர்ந்துபோகும். ஸோபோய் ஆஸ்டினின் அடித்தளத்தைத் தேடிப்போய், இன்று அதன் பெயர் என்ன என்று கேட்கிறார். நம் மொழியிலும் நல்ல மறுசொல்லல்கள் இதைத்தான் செய்திருக்கின்றன. புதுமைப்பித்தனின் ‘சாப விமோசன’த்தில் அகலிகையும் அம்பையின் ‘அடவி’யில் சீதையும் புதுச்சேலை கட்டிக்கொள்வதற்காகத் திரும்பி வரவில்லை. மூலக்கதை தங்களிடம் கேட்காமல் விட்டதைச் சொல்ல வருகிறார்கள்.

தலைப்பில் இருக்கும் ‘பெருமிதம்’ என்ற சொல் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஆஸ்டினில் அது முதன்மையாக டார்சியின் நோய். குலமும் செல்வமும் தந்த தலைக்கனம். ஸோபோயில் அது ஸூரியிடம் இடம் மாறுகிறது. அவளுக்குத் தன் தெருவின் மீது, அங்கே பேசப்படும் மொழியின் மீது, அம்மாவின் சமையல் மீது பெருமிதம். பணமில்லாதவர்களிடம் இருக்கும் பெருமிதத்துக்கு வேறு வேலை உண்டு. அவமானத்துக்கு முன்னால் அவர்கள் எழுப்பிக்கொள்ளும் சுவர் அது. ஆனால் அந்தச் சுவரே அவளுடைய கண்ணையும் மறைக்கிறது. டேரியஸ் பேசும் விதமும் போடும் செருப்பும் அவளுக்கு அவன் நம்மவன் இல்லை என்று சொல்லிவிடுகின்றன. கறுப்பினத்தவனாக இருந்தும் கறுப்பர் பேட்டையில் அந்நியனாகவும், பணக்கார வெள்ளையரின் பள்ளியில் இன்னொரு விதமான அந்நியனாகவும் நிற்கும் பையனை அவள் பார்க்கக் காலம் பிடிக்கிறது. அதே பேட்டையில் வளர்ந்த வாரனை அவள் உடனே நம்புகிறாள். நம்ம ஆள் என்பதே அவனுக்குப் போதுமான நற்சான்று. தன் சமூகத்து ஆண் என்பதற்காக ஒருவனின் தீமையைப் பார்க்க மறுக்கும் இந்த இடத்தைப் பெண்கள் ஊன்றி வாசிக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட சமூகத்துக்குள்ளிருந்து, அந்தச் சமூகத்தைக் காட்டிக்கொடுக்காமல், அதன் ஆண்களைக் கேள்வி கேட்பது எவ்வளவு கடினம் என்று ஸோபோய்க்குத் தெரிந்திருக்கிறது.

ஸூரி கவிதை எழுதுபவள். அவளுடைய கவிதைகள் நாவலின் நடுநடுவே வருகின்றன. எலிசபெத்துக்கு நகைச்சுவை இருந்தது. பேச்சில் வெட்டும் கூர்மை இருந்தது. அவை எல்லாம் வரவேற்பறைக்குள்ளேயே செலவாகிவிட்டன. தனிமையில் அவள் என்ன எழுதினாள் என்று நமக்குத் தெரியாது. ஸூரியின் கூர்மைக்குத் தாள் கிடைத்திருக்கிறது, மேடையும் கிடைக்கிறது. அவள் கனவு காண்பது வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகம். 1867இல் தொடங்கப்பட்ட, கறுப்பினத்தவர் கல்வி வரலாற்றில் பெரிய இடம் பெற்ற நிறுவனம். அதைப் பார்க்கத் தனியாகப் பேருந்தில் போகிறாள். போன ஊரில் யாரென்று தெரியாத கூட்டத்தின் முன் தன் கவிதையைச் சொல்கிறாள். ஆஸ்டினின் எலிசபெத் டர்பிஷயருக்குப் போனபோது மாமன் மாமியின் துணையோடு போய் ஓர் ஆணின் வீட்டைப் பார்த்தாள். அவளுடைய பார்வை மாறிய இடம் அதுதான். ஸூரி போய்ப் பார்ப்பது ஒரு பல்கலைக்கழகத்தை. பெம்பர்லி இருந்த இடத்தில் நாவலாசிரியர் ஹோவர்டை வைத்திருக்கிறார் என்று நான் வாசித்தால், அது மிகை ஆகாது.

வகுப்பில் ஆஸ்டினைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழும்: பெம்பர்லியைப் பார்க்காமல் இருந்திருந்தால் எலிசபெத்தின் மனம் மாறியிருக்குமா? கேட்பவர்களின் குரலில் அவளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட உற்சாகம் இருக்கும். நான் கேள்வியைத் திருப்பிவிடுவேன். தன் பெயரில் எந்த வீடும் இருக்க வழியில்லாத ஒரு பெண், வீட்டைப் பார்த்து மனம் மாறக் கூடாது என்று நாம் ஏன் எதிர்பார்க்கிறோம்? இங்கிலாந்தில் மணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ள முழு உரிமை தரும் சட்டம் 1882இல்தான் வந்தது. ஆஸ்டின் இறந்து அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து. காதல் சொத்தைக் கண்டு மயங்காமல் தூய்மையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எப்போதும் சொத்தில்லாதவளுக்கு மட்டுமே விதிக்கப்படுகிறது.

ஸோபோயின் நாவலில் எனக்குக் குறைகளும் உண்டு. முதலாவது, லேலா. ஆஸ்டினின் லிடியா விக்ஹாமுடன் ஓடிப்போகிறாள். நம் மரபில் உடன்போக்குக்கு ஒரு பாதை இருக்கிறது, வழியில் கண்டவர் வாழ்த்துவதும் உண்டு. லிடியாவுக்குக் கிடைப்பது பணம் கொடுத்து வாங்கிய தாலி மட்டுமே. டார்சி விக்ஹாமின் கடனை அடைத்து அவளை மணக்க வைக்கிறான். பதினாறு வயதுப் பெண்ணை அவளை ஏமாற்றியவனுக்கே கட்டிவைத்து, அதற்குக் குடும்பமானம் காப்பாற்றப்பட்டது என்று பெயர் வைக்கிறார்கள். ஸோபோய் இந்தக் கல்யாணத்தைத் தூக்கி எறிகிறார். அதற்காக அவருக்கு நன்றி. லேலாவுக்குப் பதின்மூன்று வயது. வாரன் அவளை நெருங்கும்போது நாவல் அதை ஆபத்து என்று சரியாகவே அழைக்கிறது. ஆனால் அவளைக் காப்பாற்றும் காட்சியில் நமக்குக் கிடைப்பது டேரியஸின் கைமுட்டியும் அக்காவின் பதற்றமும். லேலாவுக்கு என்ன நேர்ந்தது, அவள் எதைப் புரிந்துகொண்டாள், எதற்கு அழுதாள் என்று அவள் வாயால் நாம் கேட்பதில்லை. லிடியாவைப்போலவே லேலாவும் அக்காவின் காதலன் நல்லவன் என்று நிரூபிக்கப் பயன்பட்டுவிடுகிறாள். இருநூறு ஆண்டுகளில் மாறியிருக்க வேண்டிய இடம் இது.

இரண்டாவது, கோபத்தின் வெப்பம். முதல் அத்தியாயங்களில் எதிர்வீட்டின் மீது ஸூரிக்கு இருக்கும் கோபம் நியாயமானது, அரசியலானது. டேரியஸ் மீது காதல் வளர வளர அந்தக் கோபம் இளகிவிடுகிறது. அவன் நல்லவனாக இருப்பதும் அவன் குடும்பத்தின் வருகை ஒரு தெருவுக்குச் செய்வதும் இரண்டு தனித்தனி விஷயங்கள். காதல் கதை இரண்டையும் ஒன்றாகக் கரைத்துவிடும். தனிமனிதரின் நற்குணத்தைக் காட்டி அமைப்பின் மீதுள்ள வழக்கைத் தள்ளுபடி செய்வது இந்த இலக்கிய வகையின் பழைய பழக்கம். வாடகைக்கு இருப்பவர்கள் ஒன்றுகூடி எதிர்த்து நிற்பது என்ற சாத்தியமும் நாவலின் மையத்துக்கு வருவதில்லை.

ஆனாலும் முடிவு என்னைக் கட்டிப்போடுகிறது. ஸூரியின் குடும்பம் இருக்கும் கட்டடத்தின் உரிமையாளர் மத்ரினா என்ற மூதாட்டி. ஓசூன் தெய்வத்தின் பூசாரி. வீட்டுக்காரி என்பதைவிட அந்தக் குடும்பத்துக்குப் பாட்டி என்பதே பொருந்தும். ஒரு பெண்ணின் அன்பால் மட்டுமே அந்த வீடு அவர்களுக்கு வீடாக இருந்துவந்தது. அவர் இறக்கிறார். கட்டடம் மருமகன் காலினுக்குப் போகிறது. பெயரே நமக்குச் சொல்லிவிடுகிறது: இவன்தான் இந்தக் கதையின் காலின்ஸ். கட்டடம் விற்கப்படுகிறது. பெனிட்டெஸ் குடும்பம் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு புரூக்ளினின் இன்னொரு மூலையான கனார்ஸிக்குப் போகிறது. புது வீடு வசதியானது. ஆனால் அது புஷ்விக் இல்லை.

டேரியஸின் காதல் இதில் எதையும் தடுக்கவில்லை. எதிர்வீட்டில் பணக்காரக் காதலன் இருக்கிறான். இருந்தும் ஸூரியின் வீடு போகிறது. இளையோர் காதல் நாவலில் இப்படி எழுதத் துணிவு வேண்டும். ஆஸ்டினில் காதல் வந்ததும் வீட்டுக் கவலை தீர்ந்தது. ஸோபோயில் காதலும் இருக்கிறது, வீட்டின் இழப்பும் இருக்கிறது, ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகவில்லை. தமிழ் ரசிகர்களுக்கு இந்த உணர்வு புதிதல்ல. ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி’யைத் தழுவி 2000இல் ராஜீவ் மேனன் எடுத்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படத்திலும் பெண்கள் ஓர் உயிலின் காரணமாகப் பெரிய வீட்டை விட்டுச் சென்னைக்கு வருகிறார்கள். அங்கே அவர்களைத் தாங்கிப்பிடிப்பது முதலில் சம்பளம். காதல் அதற்குப் பிறகுதான் கரை சேர்கிறது. படத்தின் பாடல்களை நினைவில் வைத்திருப்பவர்கள்கூட அந்த உயிலை மறந்துவிடுகிறார்கள்.

காதல் கதைகளை வாசிக்காதே என்று பெண்பிள்ளைகளிடம் சொல்லும் ஆசிரியை நான் இல்லை. அவற்றைக் கேவலமாகப் பேசுவது ஆண் விமர்சகர்களின் நெடுநாள் பொழுதுபோக்கு. அதில் சேர எனக்கு விருப்பமில்லை. பெண்கள் இரவில் ஒளித்துவைத்து வாசித்த கதைகளில் அவர்களுடைய ஆசைகளோடு அவர்களுடைய பயங்களும் பத்திரமாக இருக்கின்றன. அந்தப் பயம் பெரும்பாலும் வீட்டைப் பற்றியது: பிறந்த வீடு என்னுடையது இல்லை, போகும் வீடும் என்னுடையது இல்லை என்ற பயம். அதனால் எந்தக் காதல் கதையைக் கையில் எடுத்தாலும் இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேளுங்கள் என்பேன். இவர்கள் சேர்வார்களா என்பது ஒன்று. அவள் குடியிருக்கும் வீடு யார் பெயரில் இருக்கிறது என்பது மற்றது. ஆஸ்டின் இரண்டாவது கேள்வியை உரக்கவே கேட்டார். நாம்தான் முதல் கேள்வியின் சந்தோஷத்தில் அதைக் காதில் வாங்காமல் விட்டோம். ஸோபோயின் பதினேழு வயதுப் பெண் அதை மறுபடி நம் காதில் போடுகிறாள். அவளுக்குக் காதலன் கிடைத்தான். தெரு கிடைக்கவில்லை. அவள் எழுதும் கவிதைகளில் அந்தத் தெரு அவளுடையதாகவே இருக்கிறது; ஆனால் பத்திரம் வேறொருவர் பெயரில்.